16 மணி நேர ஆகாயப் பிரயாணம்: எகானமி வகுப்பில் என்ன எதிர்பார்க்கலாம்?

(நம் சங்கத்தின் நாகபுரிக் கிளை மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தத் தலைப்பைக் கொடுத்தவர் நம் கிளைக் காரியதரிசி. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத குடும்பம் இந்த ஹாலில் குறைவு. பிரசவம், பூணூல், பேரனின் கோடை விடுமுறை என்று ஏதாவது ஒரு காரணம் வந்தால் டிக்கெட் வந்துவிடுகிறது. டிக்கெட் அனுப்புகிற பிள்ளைக்கு வயது 35. பிரயாணம் எப்படி இருக்கும் என்று அவன் சொல்வதில்லை, ஏனென்றால் அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. நமக்கு வயது 70. நான் டாக்டர் அல்ல. பௌதிகம் படித்து, அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். 5 முறை அமெரிக்கா போய் வந்திருக்கிறேன், ஐந்தும் எகானமி வகுப்பில்தான். அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகபுரிக்காரர்களுக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை சென்ட்ரலில் ஏறி இங்கே வந்து இறங்க 16, 17 மணி ஆகும். துபாயில் ஏறி சான் பிரான்சிஸ்கோவில் இறங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். ஆனால் எல்.டி.சி. காலத்து ரயிலில் நமக்குப் படுக்கப் பெர்த் இருந்தது. விஜயவாடாவில் இறங்கிக் கூஜாவில் தண்ணீர் பிடித்தோம். பல்லார்ஷாவில் பிளாட்பாரத்தில் நாலு நடை நடந்தோம். விமானத்தில் இதெல்லாம் கிடையாது. ஒரு ஸீட்டின் முதுகிலிருந்து அடுத்த ஸீட்டின் முதுகு வரை 31 அல்லது 32 அங்குலம், அகலம் 17, 18 அங்குலம். போயிங் 777 போன்ற பெரிய விமானத்தில் பெரும்பாலும் ஒரு வரிசைக்கு 3, 4, 3 என்று 10 பேர். முன்னால் இருப்பவர் ஸீட்டைச் சாய்த்தால் அவர் தலை நம் மடியில் இருப்பது போலத் தோன்றும். அவரைக் கோபித்துப் பயனில்லை, நமக்கும் ஸீட் சாயும்.

இனி கொஞ்சம் பௌதிகம். விமானம் 35,000 அடிக்கு மேல் பறக்கிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் மேல் குளிர், சுவாசிக்கப் போதுமான காற்று இல்லை. ஆகையால் உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். அதைத் தரைமட்ட அளவுக்கு அழுத்துவதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் என்ன காற்றழுத்தம் இருக்குமோ அதுதான் உள்ளே இருக்கும். ஊட்டி சுமார் 7,350 அடி. ஆகவே நீங்கள் 16 மணி நேரம் ஊட்டியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆரோக்கியமானவர்களுக்கு இது தெரியாது. இருதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் உறுதி செய்ய வேண்டாம். விமானக் கம்பெனிகள் இதற்கென்றே ஒரு மருத்துவப் படிவம் வைத்திருக்கின்றன.

அழுத்தம் குறைந்தால் வாயு விரியும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதி. நம் வயிற்றிலுள்ள வாயுவும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டது. சுமார் மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. முதல் நாள் இரவு ராஜ்மாவும் சன்னாவும் வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். இறங்கும்போது காது அடைத்தால் எச்சிலை விழுங்கினால் போதும். அந்தக் காலத்து இந்தியன் ஏர்லைன்ஸில் மிட்டாய்த் தட்டு நீட்டினார்களே, அது உபசாரம் மட்டுமல்ல. ஆனால் ஒரு விஷயம் விளையாட்டல்ல. கண்ணில் விழித்திரை ஆபரேஷன் செய்து உள்ளே வாயுக் குமிழி வைத்திருந்தால், அது கரைந்துவிட்டது என்று கண் டாக்டர் சொல்லும் வரை விமானம் ஏறவே கூடாது. குமிழி விரிந்தால் பார்வையே போகலாம். சாதாரணக் காட்டராக்ட் ஆபரேஷனுக்கு இந்த பயம் இல்லை.

சாப்பாடு. நம்மவர்களுக்கு இதுதான் முதல் கவலை. டிக்கெட் வாங்கும்போதே, அல்லது குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பாவது, எந்தச் சாப்பாடு என்று பதிவு செய்ய வேண்டும். "ஹிந்து மீல்" என்று போட்டிருக்கும். பெயரைப் பார்த்து நமக்கானது என்று அதைக் குறித்துவிடாதீர்கள்! எச்.என்.எம்.எல். என்ற அந்தக் குறியீடு மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இல்லாத அசைவம். கோழியும் ஆடும் மீனும் வரலாம். நமக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல்., அதாவது ஏஷியன் வெஜிடேரியன். வெங்காயம், பூண்டு, கிழங்கு வேண்டாம் என்பவர்களுக்கு வி.ஜே.எம்.எல். என்ற ஜைனச் சாப்பாடு. வி.எல்.எம்.எல். என்றால் முட்டை இருக்கலாம். பாதி வழியில் விமானம் மாறினால் இரண்டு விமானத்துக்கும், திரும்பி வரும் பிரயாணத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நாலு கையில் இருப்பது எப்போதும் நல்லது, இறங்குவதற்குள் தீர்த்துவிட வேண்டும். ஊறுகாய், தொக்கு, நெய் எல்லாம் திரவக் கணக்கு. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் அனுமதிப்பதில்லை. மாட்டுப்பெண் எவ்வளவு கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

மருந்துகள் முழுவதும், டாக்டர் சீட்டோடு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலினை ஒருபோதும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். பெட்டி வழி தவறினால் மருந்தும் போயிற்று, வழி தவறாவிட்டாலும் கீழே சரக்கு அறையில் உறைந்து கெட்டுப்போகலாம். வேளைக் கணக்கு மாறுவதால் இன்சுலினை எப்போது போட்டுக்கொள்வது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலி கேட்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். துபாய், தோஹா நிலையங்களில் ஒரு கேட்டிலிருந்து இன்னொன்றுக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் கேளுங்கள், முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள். ஆனால் காலையில் 4 கிலோமீட்டர் வாக்கிங் போகிறவர்கள், வரிசையில் நிற்காமல் போகலாம் என்பதற்காகக் கேட்பது எனக்குச் சம்மதமில்லை. நாற்காலிகள் எண்ணிக்கைதான். உண்மையில் நடக்க முடியாத ஒருவர் அங்கே காத்துக்கொண்டிருப்பார். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. 2014 முதல் அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் இறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இதைச் சபையில் பேசக் கூச்சம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

என் மூன்றாவது பிரயாணத்தில் பக்கத்து வரிசையில் ஒரு மாமி இருந்தார். 70 வயதுக்கு மேல் இருக்கும், தனியாகப் போகிறார், ஜன்னல் ஸீட். அவருக்கும் நடைபாதைக்கும் நடுவே இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். முதல் சாப்பாட்டோடு வந்த தண்ணீரை மாமி தொடவே இல்லை. 10 மணி நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. என் மனைவி மெதுவாக விசாரித்தாள். "அவாளை எப்படி எழுப்பறது? எனக்கு இங்கிலீஷும் வராது. ஜலம் குடிச்சாத்தானே போகணும், ஒரு நாள்தானே, பொறுத்துக்கறேன்" என்றார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. மனைவி அந்தப் பையன்களின் தோளைத் தட்டினாள். இருவரும் சிரித்துக்கொண்டே எழுந்து வழிவிட்டார்கள். எழுந்து நின்ற மாமிக்குத் தலை சுற்றி, மறுபடி உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நடக்க முடிந்தது. டாய்லெட் வாசல் வரை போய், கதவைத் திறக்கத் தெரியாமல் திரும்பியும் வந்தார். மனைவி கூடப் போனாள்.

விமானத்துக்குள் காற்றில் ஈரம் 10, 20 சதவீதம்தான். மே மாத நாகபுரி, வெயில் மட்டும் இல்லை. இதில் தண்ணீரும் குடிக்காமல், அசையாமலும் இருந்தால் என்ன ஆகும்? காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அது பம்ப்பு மாதிரி வேலை செய்கிறது. உட்கார்ந்தே இருந்தால் பம்ப்பு நின்றுவிடுகிறது, ரத்தம் தேங்குகிறது, உறையவும் கூடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் இந்த அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது. ஆனாலும் கணக்கு 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் என்பதால் பீதி வேண்டாம். 160 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரம் உள்ளவர்களுக்கு விமானத்தில் அபாயம் சற்று அதிகம் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது 5 அடி 3 அங்குலம். நம் மாமிகளில் பாதிப் பேர் அதற்குள்தான். பாதம் தரையில் படாமல் ஸீட்டின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும். கைப்பையைக் காலடியில் வைத்து அதன்மேல் பாதத்தை ஊன்றிக்கொள்ளுங்கள்.

தம்பதியாகப் போகிறவர்கள் நடு வரிசையில் ஓரத்து ஸீட்டும் அதற்கு அடுத்ததும் கேளுங்கள். எழுப்ப வேண்டியவர் நம் ஆத்து மனுஷராகவே இருப்பார். இதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம், பிள்ளை சிக்கனம் பார்த்தாலும் நீங்கள் கொடுங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு "எக்ஸ்க்யூஸ் மீ" என்ற இரண்டு வார்த்தை போதும். மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலையும் விரலையும் மாற்றி மாற்றித் தூக்கி இறக்க வேண்டும். பெல்ட் விளக்கு எரியும்போது மட்டும் எழக்கூடாது, உட்கார்ந்தால் எப்போதும் பெல்ட் இருக்க வேண்டும். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் திடீரென்று குலுங்கியதில் ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். கெண்டைக்காலை அழுத்திப் பிடிக்கும் காலுறை நல்லது, ஆனால் அளவெடுத்து, டாக்டரைக் கேட்டு வாங்க வேண்டும். ஆஸ்பிரினை நாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

டாய்லெட் கதவு பல விமானங்களில் நடுவில் மடிந்து உள்ளே போகும், நடுவில் தள்ள வேண்டும். தாழ்ப்பாள் போட்டால்தான் விளக்கு நன்றாக எரியும். மக், குழாய் கிடையாது, காகிதம்தான். ஒரு சின்னக் காலி பாட்டில் எடுத்துப் போனால் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம். பட்டனை அமுக்கினால் பெரும் சத்தத்தோடு உறிஞ்சும், பயப்பட வேண்டாம். சாப்பாடு ஆனதும் கூட்டம் நிற்கும், தட்டு வருவதற்கு முன்பே போய் வந்துவிடுங்கள். குடிப்பதற்கு வேறொரு காலி பாட்டில் எடுத்துக்கொண்டு சோதனை முடிந்தபின் நிலையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே கொடுக்கும் கோப்பை உத்தரணி அளவுதான்.

இறங்கிய பிறகும் ஒன்று. இந்த அபாயம் சுமார் 4 வாரம் வரை நீடிக்கிறது. ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், வலி, அல்லது திடீரென்று மூச்சுத் திணறல் இருந்தால் உடனே பிள்ளையிடம் சொல்லுங்கள். அந்த ஊரில் ஆஸ்பத்திரிச் செலவு டாலரில், பிள்ளைக்கு எதற்குச் சிரமம் என்று மறைக்கிறவர்கள் நம்மில் அதிகம். அதற்காகத்தான் கிளம்புவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் எடுப்பது. பாலிசி நம்பரை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காபி வந்துவிட்டது என்று காரியதரிசி ஜாடை காட்டுகிறார். கேள்விகளைக் குடித்துக்கொண்டே கேட்கலாம். கதவு விஷயத்தைக் கேட்க விரும்பும் மாமிகள் என் மனைவியிடம் கேளுங்கள், அவள் கடைசி வரிசையில் இருக்கிறாள்.