கருந்துளை வீசும் காற்று



இந்தக் கருத்தரங்கைத் திண்டுக்கல்லில் கூட்டியதற்கு நியாயம் கேட்பவர்களுக்கு மேற்கே தெரிகிற மலையே பதில். அங்குள்ள கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் ஒரு சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படமெடுத்தார். நடுக்கருமையைச் சூழ்ந்த அரைநிழலில் கோடுகள் சற்றே விலகியிருந்தன. விலகல், அலைநீளத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் கொண்டு, வாயு நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதை அறிந்தோம். வேகத்தைவிடத் திசைதான் வியப்பு. சூரியப் புள்ளி ஒரு சுழல் என்ற எண்ணம் வலுத்திருந்த காலம் அது. கொடைக்கானல் ஒளிப்படத் தட்டுகளோ வாயு நடுவிலிருந்து வெளியே ஓடுகிறது என்றன.

நாம் கூடியிருக்கும் பொருளான கருந்துளைக் காற்றும், கோடுகளின் விலகலிலிருந்து ஓட்டத்தை அறியும் அதே முறையில்தான் நிற்கிறது. முதலில், உள்ளே போவதைப் பார்ப்போம். துணை விண்மீனிடமிருந்து வரும் வாயு நேரே கருந்துளைக்குள் விழுவதில்லை. வட்டாகச் சுற்றி ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. வெப்பம் 10,000 டிகிரியை நெருங்கும்போது ஹைட்ரஜன் அயனியாகி, உராய்வு கூடி, கண்மாய் உடைத்துக்கொண்டதுபோல் வாயு உள்ளே பாய்கிறது. எக்ஸ் கதிர் சீறுகிறது. அந்த உராய்வு எங்கிருந்து வருகிறது? சுழலும் வாயுவில் மெலிந்த காந்தப்புலம் இருந்தாலே ஓட்டம் நிலைகுலையும் என்று 1959-இல் வெலிகோவும் 1960-இல் சந்திரசேகரும் காட்டினார்கள். வட்டுகளுக்கு அதுவே திறவுகோல் என்று 1991-இல் பால்பஸும் ஹாலியும் சொல்லும்வரை அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. நம் மேடைகளில் சந்திரசேகரை 1.4 சூரிய நிறை வரம்போடு நிறுத்திவிடுகிறோம். இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. கருந்துளை விழுங்குகிறது, விழுங்குகிறது என்றே எழுதிவருகிறோம். வி404 சிக்னி என்ற கருந்துளையைப் பாருங்கள். 1989-க்குப் பின் 26 ஆண்டுகள் அடங்கியிருந்து, 2015 ஜூனில் சீறியது. லா பால்மா தீவின் 10.4 மீட்டர் தொலைநோக்கியில் பதிந்த ஹீலியம், ஹைட்ரஜன் கோடுகளின் நீலப் பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. நம்மை நோக்கி வரும் வாயுவின் தடம் அது. வேகம் நொடிக்கு 3,000 கிலோமீட்டர் வரை. வட்டின் வெளிப்பகுதியில் கணிசமான பங்கை அந்தக் காற்றே வாரிக்கொண்டு போனதால், உள்ளே போக வாயு இல்லாமல் இரண்டு வாரத்தில் ஆட்டம் அடங்கியது என்பது முனோஸ்-டாரியஸ் குழுவினரின் வாதம். எனக்கு அது ஏற்புடையது. சீற்றம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதை முடிவு செய்வதில், உள்ளே போவதற்கு நிகரான பங்கு வெளியே போவதற்கும் உண்டு.

அந்தக் காற்றை அளக்க நம்மிடம் என்ன இருக்கிறது? நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2018-இல் சீறிய மேக்ஸி ஜே1820+070 என்ற கருந்துளையைப் பார்த்தது. அதன் லாக்ஸ்பிசி என்ற எக்ஸ் கதிர்க் கருவி 10 மைக்ரோநொடித் துல்லியத்தில் நேரத்தைக் குறிக்கும். கோடுகளின் நுண்ணிய விலகலைப் பிரிக்காது. அதற்கு விண்ணில் எக்ஸ்ரிஸம் செயற்கைக்கோளில் உள்ளது போன்ற கருவி வேண்டும், தரையில் ஒரு நிறமாலைமானியும் வேண்டும். ஜூன் மாதச் சீற்றம் நமக்குப் பருவமழை மேகத்தோடு வரும் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

அமர்வுகளில் பேசுவோருக்கு ஒரு வேண்டுகோள். காற்று வாரிச்செல்லும் நிறையை ஸ்லைடில் போடும்போது, அது எவ்வளவு கோணத்தில் விரிவதாக வைத்துக்கொண்டீர்கள் என்பதையும் அதே ஸ்லைடில் போடுங்கள். கணக்கு பெரிதும் ஏறி இறங்குவது அங்கேதான். கேள்விகளை அங்கிருந்தே தொடங்கலாம்.