மொய் நோட்டு இல்லாத மரியாதை

(பரிசுக்குப் பெருமை சேர்ப்பது பொருளா? மனமா? பட்டிமன்றத்தில் ‘மனமே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பி ஒரு போடு போட்டுட்டுப் போனார். “வெறுங்கையோட போனா வாசல் நாய்கூட மதிக்காது”ன்னார். (சிரிப்பு) தம்பி, என் வீட்டுக் கதையையே சொல்றேன், கேளுங்க.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபோனது. செப்டம்பரில் ஐந்து வயதுப் பேரனை அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். வீட்டில் தமிழ்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாயே திறக்கவில்லை. தண்ணீர் கேட்கத் தெரியாமல் தாகத்தோடு வீட்டுக்கு வருவான். அந்த டீச்சர் என் மகளைக் கூப்பிட்டு, தாகம் எடுத்தால் உங்கள் மொழியில் என்ன சொல்வான் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் அவனிடம் “டன்னி?” என்றாராம். பிள்ளை சிரித்துவிட்டான். “டன்னி இல்ல மிஸ், தண்ணி!” அதுதான் அவன் அங்கே பேசிய முதல் பேச்சு. (கைதட்டல்)

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் டீச்சருக்குப் பரிசு கொடுப்பது அங்கே வழக்கம். மகள் போன் பண்ணினாள். “அம்மா, வெள்ளிக் குத்துவிளக்கு ஒண்ணு வாங்கி அனுப்பு. நாம குறைச்சலாக் கொடுத்து, பிள்ளையைக் கவனிக்காம விட்டுட்டா?”

நடுவர் அவர்களே, அந்தப் பயத்தைக் கவனிங்க! பயந்துகொண்டு கொடுத்தால் அதுக்குப் பேர் பரிசா? கப்பம்! நானும் கடைக்குப் போய் விலை கேட்டேன். பேராசிரியர்தான், ஆனாலும் பாட்டி இல்லையா? (சிரிப்பு)

அதற்குள் மகளே மறுபடி கூப்பிட்டாள். அந்த மாநிலச் சட்டப்படி அரசுப் பள்ளி ஆசிரியர் ஒரு பெற்றோரிடம் 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை வாங்கக் கூடாதாம். வகுப்பே சேர்ந்து கொடுத்தால் 150 டாலர் வரை வாங்கலாம். ஆனால் யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று டீச்சருக்குத் தெரியக் கூடாது! நம்ம ஊரில் மொய் எழுத நோட்டு, அதை அறிவிக்க மைக்கு! (சிரிப்பு) அங்கே இருக்கிறவன் பிள்ளையும் இல்லாதவன் பிள்ளையும் டீச்சர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியணும்னு சட்டமே போட்டிருக்கிறார்கள்.

மகள் தன் பங்கை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். பேரன் தனியாக ஓர் அட்டை செய்தான். ஒரு தண்ணீர் டம்ளர் படம். கீழே தமிழில் ‘நன்றி’. ‘றி’ மட்டும் கொஞ்சம் கோணல். (சிரிப்பு)

டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? அவனை வகுப்பின் முன்னால் நிறுத்தி, அதைப் படிக்கச் சொன்னார். வாய் திறக்காத பிள்ளை, தலை நிமிர்ந்து படித்தான். அத்தனை பிள்ளைகளும் திருப்பிச் சொன்னார்களாம். (பலத்த கைதட்டல்)

குத்துவிளக்கு இன்னும் கடையில்தாங்க இருக்கு. விளக்கேற்றியது மனம்! நல்ல தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு, என் பேரன் எழுதிய அதே சொல்லோடு அமர்கிறேன்: நன்றி!