கிரிமினல் வழக்கு நடக்கும் விதம்
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கோர்ட்டுப் படி மிதியாத குடித்தனமே நல்ல குடித்தனம் என்று கிராமாந்தரங்களில் பெரியவர்கள் சொல்லுவது வழக்கம். அவ்விதம் ஆயுளைக் கழிக்கக் கொடுத்து வைத்தவர்கள் பாக்கியசாலிகளே. ஆனால் சிவில் வழக்கு மனிதன் தேடிப் போவது. கிரிமினல் வழக்கோ மனிதனைத் தேடி வருவது. சங்கத்துக் கிடங்கின் பூட்டு ஒரு நாள் உடைபடலாம். பக்கத்து வீட்டுச் சண்டையைத் திண்ணையிலிருந்து பார்த்த பாவத்திற்காகவே ஒருவருக்குச் சாட்சி சம்மன் வரலாம். உறவுக்காரப் பையன் ஒருவனை இரவில் போலீஸார் அழைத்துச் சென்றார்கள் என்று சேதி வரலாம். அச்சமயத்தில் எவரிடம் போவது, எதைக் கேட்பது என்று அறியாமல் தரகர்கள் கையில் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறவர்கள் அநேகர். அப்பணத்தில் ஒரு பகுதி சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனாகவும் இருப்பதுண்டு. ஆகவே இவ்விஷயம் கூட்டுறவுக் கூட்டத்தில் பேசத் தகாதது அன்று.

கிரிமினல் வழக்கில் வாதி சர்க்கார்தான். அடிபட்டவரோ, பொருளைப் பறிகொடுத்தவரோ பிராது கொடுத்தவுடன் சாட்சியாகி விடுகிறார். வழக்கை நடத்துகிறவர் சர்க்கார் வக்கீல். ஆகையால், "நான் கொடுத்த பிராது, நானே வாபஸ் வாங்கிக் கொள்கிறேன்" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டால் வழக்கு தீர்ந்து போவதில்லை. சட்டம் அனுமதிக்கும் சில குற்றங்களில் மாத்திரமே ராஜி உண்டு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் நிகழும் சாமானியக் குற்றங்கள் முதலில் ஜுடீஷியல் மாஜிஸ்டிரேட் முன் வருகின்றன. முதல் வகுப்பு மாஜிஸ்டிரேட் மூன்று வருஷம் வரையில் சிறை விதிக்கலாம். கொலை போன்ற பெருங் குற்றங்களை அவர் விசாரிப்பதில்லை. செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பி விடுவார். செஷன்ஸ் நீதிபதி மரண தண்டனையும் விதிக்கலாம். ஆனால் ஹைக்கோர்ட் அதனை ஊர்ஜிதம் செய்யாமல் நிறைவேற்றலாகாது. அதற்கும் மேலே சுப்ரீம் கோர்ட். 2024-ஆம் வருஷம் ஜூலை 1 முதல் பழைய பீனல் கோடும், குற்ற விசாரணை முறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும் நீங்கி, பாரதீய நியாய சன்ஹிதை முதலிய மூன்று புதுச் சட்டங்கள் அமுலுக்கு வந்திருக்கின்றன. செக்ஷன் எண்கள் மாறியதில் வக்கீல்களுக்கே சிரமம். எனினும் இந்தப் படிவரிசை பெரும்பாலும் முன்போலவே உள்ளது.

ஒரு திருஷ்டாந்தத்தால் மற்றவற்றைக் காண்போம். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகில் ஒரு கிராமச் சங்கம் இருப்பதாகவும், அதன் கிடங்கிலிருந்து ஓர் இரவில் உர மூட்டைகள் களவு போனதாகவும் பாவித்துக் கொள்ளலாம். இருப்புப் புஸ்தகத்தின்படி குறைவது 12 மூட்டை. பிராது எழுத உட்கார்ந்தவர்களில் ஒருவர், "இருபது என்று போடுங்கள், அப்பொழுதுதான் போலீஸார் மதிப்பார்கள்" என்கிறார். இன்னொருவர், தமக்கு வரப்புத் தகராறு உள்ள ஒருவரின் பெயரையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுகிறார். காவற்காரர் இருட்டில் ஓர் உருவத்தைப் பார்த்தது உண்மை, முகத்தைப் பார்க்கவில்லை. பிராதிலோ முகத்தைப் பார்த்ததாகவே எழுதியாயிற்று.

பிராது ஸ்டேஷனில் பதிவானவுடன் அது முதல் தகவல் அறிக்கையாகிறது. வாயால் சொன்னாலும் எழுதிக்கொண்டு, சொன்னவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நகல் ஒன்றை இலவசமாகக் கொடுக்க வேண்டும். குற்றம் தம் எல்லையில் நடக்கவில்லை என்று கூறி எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக் கூடாது. மின்னஞ்சல் முதலிய வழிகளில் அனுப்பிய தகவலில் மூன்று நாளைக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். ஸ்டேஷன் அதிகாரி பதிய மறுத்தால் போலீஸ் சூப்பிரண்டெண்டுக்குத் தபாலில் எழுதலாம். 2022 ஜனவரி 1 முதல் ஆவடி போலீஸ் கமிஷனர் ஆளுகைக்குள் வந்துவிட்ட ஊர்களில் அந்த ஸ்தானத்தில் இருப்பவர் துணைக் கமிஷனர். அதிலும் பயனில்லையெனில் மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்யலாம்.

கைது செய்யப்பட்டவரை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். கைதின் காரணத்தை அவருக்கும், கைதான செய்தியை அவர் குறிப்பிடும் உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும். மாஜிஸ்டிரேட் கேட்கும் இரண்டொரு கேள்விக்குத் தலையை மாத்திரம் ஆட்டிவிட்டு வருகிறவர்கள் பலர். அடித்திருந்தால் அதைச் சொல்லத் தகுந்த இடம் அதுவே. குற்றத்தின் தன்மைக்குத் தக்கபடி 60 அல்லது 90 நாளைக்குள் போலீஸார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிடில், கைதி ஜாமீன் கொடுக்கச் சித்தமாயிருக்கும் பக்ஷத்தில் விடுதலை பெற உரிமை உண்டு.

விசாரணையின் போது போலீஸார் சாட்சிகளிடம் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. பெண்களையும், 60 வயது கடந்தவர்களையும், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும், கடும் நோயாளிகளையும், அங்கஹீனர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டுமேயன்றி ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்தலாகாது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் "நானே செய்தேன்" என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் வாக்குமூலம் அவருக்கு விரோதமான சாட்சியம் ஆகாது; அதன் பயனாகத் திருட்டுப் பொருள் போன்ற ஒன்று கண்டெடுக்கப்பட்டால், அதைப் பற்றிய பகுதி மாத்திரமே செல்லும். இதென்ன, குற்றவாளிக்கு இவ்வளவு சலுகையா என்று சிலர் கேட்பதுண்டு. அதற்குரிய விடை வெகு தூரத்தில் இல்லை, பூந்தமல்லியிலேயே இருக்கிறது.

1991-ஆம் வருஷம் மே 21-ந் தேதி இரவு, பூந்தமல்லிக்கு மேற்கேயுள்ள ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதம மந்திரி ராஜீவ் காந்தியும் அவருடன் இருந்த பலரும் வெடிகுண்டினால் கொல்லப்பட்ட கொடுஞ் செயலை அறியாதவர் இல்லை. அடுத்த வருஷம் மே மாதத்தில் 41 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவர்களில் 12 பேர் முன்பே இறந்தவர்கள், மூவர் அகப்படாதவர்கள், எஞ்சிய 26 பேரும் பூந்தமல்லியிலிருந்த தடாச் சட்ட விசேஷக் கோர்ட்டில் விசாரிக்கப்பட்டார்கள். சர்க்கார் தரப்பில் 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28-ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று: 26 பேருக்கும் மரண தண்டனை.

தடாச் சட்டம் 1995-லேயே காலாவதியாகி விட்டது; முன்பு தொடங்கிய வழக்குகள் மாத்திரம் நடந்து வந்தன. அச்சட்டம் சாமானியச் சட்டத்தினின்றும் இரண்டு விஷயங்களில் வேறுபட்டது. சூப்பிரண்டெண்டு அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலம் அதன்படி சாட்சியமாகும். அப்பீல் ஹைக்கோர்ட்டுக்குப் போகாமல் நேராகச் சுப்ரீம் கோர்ட்டுக்கே போகும். அதாவது நடுவிலிருந்த ஒரு படி எடுக்கப்பட்டிருந்தது.

மிஞ்சிய அந்த ஒரு படியில் நடந்தது கவனிக்கத் தக்கது. 1999 மே 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட் நால்வருக்கே மரண தண்டனையை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாக மாற்றியது. 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டினின்றும் விடுவித்தது. இந்தப் பத்தொன்பதின்மரில் சிறு குற்றங்கள் நிலைநின்றவர்களும் அதற்குரிய காலத்தை முன்பே சிறையில் கழித்துவிட்டபடியால் வெளியே வந்தார்கள். தூக்குத் தண்டனைத் தீர்ப்பைக் காதால் கேட்டவர்கள் பதினைந்து மாதங் கழித்து வீடு திரும்பினார்கள். கீழ்க் கோர்ட்டைக் குறை கூறுவதற்காக இது எடுத்துச் சொல்லப்படவில்லை. கோர்ட்டை நடத்துகிறவர்களும் மனிதர்களே. அப்பீல் என்ற ஏற்பாடே அதை ஒப்புக்கொண்டு செய்யப்பட்டது.

தடாச் சட்டத்தின் கீழ்வரும் குற்றங்கள் ருஜுவாகவில்லை என்று கண்ட சுப்ரீம் கோர்ட், அச்சட்டப்படி பதிவான வாக்குமூலங்களைச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்றே தீர்மானித்தது. மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவர் பேரறிவாளன். 1991 ஜூன் மாதம் கைதான போது அவருக்கு வயது 19. 9 வோல்ட் பாட்டரிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதிருந்த முக்கியமான குற்றச்சாட்டு. 2013-ஆம் வருஷத்தில், அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வு பெற்றபின், ஒரு விஷயத்தை வெளியிட்டார். அந்தப் பாட்டரிகள் எதற்காக என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக அவர் சொன்னார்.

ஒரு வாக்கியம். அது எழுதப்பட்டிருந்தால் என்ன முடிவாகியிருக்கும் என்பதை இனி ஒருவரும் நிச்சயித்துச் சொல்ல முடியாது. கருணை மனுவின் மீது முடிவு கூறுவதில் நேர்ந்த நீண்ட தாமதத்தின் காரணமாக 2014 பிப்ரவரி 18-ந் தேதி அவருக்கும் மற்றிருவருக்கும் மரண தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. 2022 மே 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் விசேஷ அதிகாரத்தினால் அவர் விடுதலையானார். அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பன்று; ஏறக்குறைய 31 வருஷம் கழிந்த பின் கிடைத்த விடுதலை. எஞ்சிய அறுவரும் அவ்வருஷம் நவம்பர் 11-ந் தேதி விடுதலை உத்தரவு பெற்றார்கள்.

இனிக் களவு போன உர மூட்டைகளுக்குத் திரும்பலாம். வழக்கு மாஜிஸ்டிரேட் முன் விசாரணைக்கு வருகிறது. முதலில் சர்க்கார் தரப்பு வக்கீல் கேட்க, சாட்சி சத்தியப் பிரமாணத்தின் மேல் சொல்லுகிறார். இது முதல் விசாரணை. பின்பு எதிரி தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்கிறார். கிராமவாசிகள் இதை ஓர் அவமதிப்பாக எண்ணிக் கோபங்கொள்ளுகிறார்கள். வக்கீலின் வேலை அதுவே. அவர் சங்கத்தின் இருப்புப் புஸ்தகத்தை வரவழைத்து, "இதில் குறைவது 12, பிராதில் இருபது, மீதி எட்டு எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறார். காவற்காரரிடம், "அன்று அமாவாசை, கிடங்கு விளக்கும் பழுது, முகம் எப்படித் தெரிந்தது?" என்கிறார். பதில் இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி ருஜுப்பிக்க வேண்டிய பொறுப்பு சர்க்காருடையது. சந்தேகம் ஏற்பட்டால் அதன் பலன் எதிரிக்கே. வரப்புத் தகராறுக்காரர் விடுதலையாகிறார், அது நியாயமே. அவருடன் மெய்யாகவே மூட்டை தூக்கினவனும் விடுதலையாகிறான். அந்த எட்டு மூட்டைப் பொய் மெய்யான பன்னிரண்டையும் விழுங்கி விட்டது.

இந்தத் திருவள்ளூர் ஜில்லாவிலேயே, திரூரில், 1904-ஆம் வருஷம் தேசத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் ஏற்பட்டது. அக்காலந் தொட்டுச் சங்கங்களில் கணக்குப் புஸ்தகங்கள் எழுதப்பட்டு வருகின்றன. ஆடிட்டுக்காக மாத்திரம் அவை இருக்கின்றன என்று கருதும் காரியதரிசிகள், கோர்ட்டில் அதே புஸ்தகம் ஒரு சாட்சியாக வந்து நிற்பதை ஒரு முறை பார்த்தால் அன்றாடம் எழுதத் தவறமாட்டார்கள்.

சாட்சி சொல்லுகிறவர் அறிந்ததை மாத்திரம் சொன்னால் போதும். நினைவில்லாததை "நினைவில்லை" என்று சொல்லுவது குற்றமன்று. தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்னால் ஏழு வருஷம் வரையில் சிறை உண்டு. சம்மன் பெற்று வந்த சாட்சிக்கு நியாயமான செலவைச் சர்க்கார் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம், கூச்சப்படாமல் கேட்கலாம். வாய்தாவின் மேல் வாய்தா போடப்படுவது மெய்தான். ஒரு நாள் கூலியை இழந்து பூந்தமல்லிக்குப் பஸ் ஏறிப் போய், வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று கேட்டுத் திரும்புகிறவருக்குப் பொறுமையை உபதேசிப்பது எளிதன்று. எதிரி தரப்பார் காத்திருப்பதும் பெரும்பாலும் அந்தச் சலிப்புக்காகவே.

வக்கீலுக்குப் பணமில்லை என்று எவரும் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. 1987-ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தின்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் ஜாதியினர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானக் கணக்குப் பாராமலே இலவசமாக வக்கீல் நியமிக்கப்படுவார். மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பு உண்டு. தாலுகா, ஜில்லாக் கோர்ட்டுகளில் இதற்கென ஏற்பட்ட சட்டப் பணிகள் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் விசாரிக்கலாம்.

தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசமாகத் தரப்படும். மாஜிஸ்டிரேட்டின் தீர்ப்பின் மீது செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாளிலும், செஷன்ஸ் தீர்ப்பின் மீது ஹைக்கோர்ட்டுக்கு 60 நாளிலும் அப்பீல் செய்ய வேண்டும். மரண தண்டனையாயின் ஹைக்கோர்ட்டுக்கும் 30 நாளே. நகலைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அறுவடை முடியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் இப்பக்கத்தில் உண்டு. நகல் கைக்கு வந்த அன்றே அதில் தேதியைப் பார்த்து, வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.