சமையற்கட்டில் ஆள் பஞ்சமா, கூலிப் பஞ்சமா?

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், கிராணிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டும் நமக்குச் சாப்பாட்டுக் கடைச் சமையற்காரரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். எண்ணுவது இயல்பே. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் ஆன பின்பு நம் பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் போன இடங்களில் ஒன்று சாப்பாட்டுக் கடை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் போய்ப் பாருங்கள். பல கடைகளில் கல்லாவில் நிற்பது நம் வீட்டுப் பெண். அடுப்படியில் நிற்பது தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்த சமையற்காரர். இந்த இருவரில் ஒருவரை மற்றவருக்கு எதிரியாகக் காட்டும் பேச்சு நாட்டில் அடிக்கடி எழுகிறது. அந்தப் பேச்சில் நாம் எந்தப் பக்கம் நிற்பது என்பதை இன்று தெளிவு செய்துகொள்ள வேண்டும்.

சமையற்காரர் கிடைக்கவில்லை, கடையை மூட வேண்டியதுதான் என்று உணவக உரிமையாளர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. இந்திய உணவக உரிமையாளர் சங்கமான பிரிமாஸ் சொல்கிறது. முஸ்லிம் உணவக உரிமையாளர் சங்கமான பிரெஸ்மாவும் சொல்கிறது. அரசாங்கம் என்ன செய்தது? கதவைத் திறந்தது, மூடியது. மீண்டும் திறந்தது, மீண்டும் மூடியது.

பினாங்கில் 2016 ஜனவரி முதல் அங்காடிக் கடைகளில் அந்நியர் உள்ளூர் உணவு சமைக்கக் கூடாது என்று மாநில அரசு தடை விதித்தது. 2018 ஜூன் மாதம், அப்போது மனிதவள அமைச்சராக இருந்த மாண்புமிகு மு. குலசேகரன், 2019 ஜனவரி முதல் உணவகங்களில் உள்ளூர்ச் சமையற்காரர்களே இருக்க வேண்டும் என்றார். கூச்சல் எழுந்தது. சில நாட்களுக்குள் அது வெறும் யோசனையாகிவிட்டது. 2020இல் கொள்ளை நோய் வந்தபோது அந்நியத் தொழிலாளர் வரவு நிறுத்தப்பட்டது. 2022இல் மனுக்கள் மீண்டும் ஏற்கப்பட்டன. 2023 ஜனவரியில் விதிகள் தளர்த்தப்பட்டன; அதே ஆண்டு மார்ச் 18ஆம் நாள் புதிய ஒதுக்கீடுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2025 ஜூலையில் வெளியான 13ஆவது மலேசியத் திட்டம், வேலை செய்வோரில் அந்நியர் பங்கை 2030க்குள் 10 விழுக்காடாகவும் 2035க்குள் 5 விழுக்காடாகவும் குறைக்க வேண்டும் என்று குறி வைத்திருக்கிறது.

இத்தனை அறிவிப்பிலும் ஒரு கேள்விக்கு இடமில்லை. எத்தனை பேர் வரலாம் என்று கேட்கிறார்கள். எந்த நாட்டிலிருந்து வரலாம் என்று கேட்கிறார்கள். வந்தவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார், எவ்வளவு பெறுகிறார், எங்கே படுக்கிறார் என்று கேட்பவர் யார்?

தோழர்களே, இந்தக் கதை நமக்குப் புதிதன்று. ‘ஆள் பஞ்சம்’ என்ற சொல்லை இந்நாட்டில் முதலில் கேட்டவர்கள் நம் பாட்டன்மார். கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்த காலம் அது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரமாயிரமாக நம்மவரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மீண்டும் ஆள் வேண்டும் என்றார்கள். 1938இல் தோட்ட முதலாளிமார் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தார்கள். அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய அரசாங்கம், உதவி பெற்றுக் கூலி வேலைக்கு இங்கு வருவதையே தடை செய்துவிட்டது. தேவைப்பட்டால் ஒரு கப்பல், தேவையில்லையென்றால் இன்னொரு கப்பல்: இதுதான் அன்றைய கொள்கை.

1941இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் நம் தோட்டத் தொழிலாளர் எழுந்து நின்றார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்றார்கள். பதில் என்ன? மே மாதம் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர்.

அன்று முதலாளிமாருக்குத் துப்பாக்கியைவிடப் பயன்பட்ட ஆயுதம் நாடு கடத்தல். கேட்பவனை ஊருக்கு அனுப்பிவிட்டால் கேள்வியும் அவனோடு போய்விடும் அல்லவா? பின்னர் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பிரஜா உரிமை இல்லாதவர் பெர்மிட் பெற்றே வேலை செய்யலாம் என்று ஆயிற்று. பல ஆண்டுகள் இம்மண்ணில் பால் எடுத்தவர்கள் ஒரு காகிதம் இல்லாத காரணத்தால் அந்நியராகி, பல்லாயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். ஆகவே ‘அந்நியத் தொழிலாளி’ என்ற சொல்லை நம் நாவால் சொல்லும்போது நாம் நிதானிக்க வேண்டும். நேற்று அது நம் பெயராக இருந்தது.

இன்றைய சமையற்காரரின் நிலைக்கு வருவோம். அவருடைய பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. கடைக்காரர் பெர்மிட்டைப் புதுப்பிக்காவிட்டால் அவர் ஊர் திரும்ப வேண்டும். அடுத்த தெருவில் நல்ல கூலி கொடுக்க ஒருவர் தயாராக இருந்தாலும் தன் விருப்பப்படி அங்கே போக முடியாது. குடும்பத்தை அழைத்துவர முடியாது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அது நடப்பதில்லை என்று இந்த மண்டபத்தில் எவரும் சத்தியம் செய்யமாட்டார்கள். இப்படிக் கட்டுண்டவர் கூலி உயர்வு கேட்பாரா? கேட்கமாட்டார். அவர் கேட்காத இடத்தில் உள்ளூர்ப் பிள்ளைக்கும் கூலி உயராது. கூலி உயராத இடத்திற்கு உள்ளூர்ப் பிள்ளை வராது. அது வராததைக் காட்டி இன்னும் பெர்மிட் கேட்பார்கள். இதுதான் ஆள் பஞ்சம் சுழலும் சக்கரம்.

செக்ரோல் எழுதிப் பழகிய கை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறது. சமையற்காரர் காலை ஒன்பது மணிக்கு அடுப்பு மூட்டி இரவு ஒன்பதுக்கு அணைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு. நாளுக்கு 11 மணி; வாரத்தில் ஆறு நாளுக்கு 66 மணி. 2023 ஜனவரி முதல் சட்டப்படி வார வேலை நேரம் 45 மணிதான். மிச்சம் 21 மணி ஓவர்டைம். 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளும் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளால் வகுத்து, பின் 8 மணியால் வகுத்தால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு. 21 மணிக்கு 257 வெள்ளி 46 காசு. நான்கு வாரத்திற்கு 1,029 வெள்ளி 84 காசு. ஆக, மாதம் ஏறக்குறைய 2,730 வெள்ளி. இந்தத் தொகை அந்நியருக்கும் பொருந்தும், உள்ளூராருக்கும் பொருந்தும். கைத்திறனுக்கென்று ஒரு காசும் இதில் சேர்க்கவில்லை. அடுப்படியில் நிற்கும் எவருக்கும் சட்டம் சொல்லும் கீழ்ப்படி இது. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் எத்தனை சமையற்கட்டுகளில் இந்தக் கணக்கு முழுதாகத் தீர்க்கப்படுகிறது? தீர்க்கப்படாத இடத்தில் இருப்பது கூலிப் பஞ்சம். அதற்கு ஆள் பஞ்சம் என்று பெயர் சூட்டுகிறார்கள்.

உள்ளூரார் உழைக்கச் சோம்புகிறார்கள் என்றும் ஒரு பழி உண்டு. ஜொகூர் பாலத்தில் விடியுமுன்னே நிற்கும் வரிசையைப் பார்த்தவர் இதை நம்பமாட்டார். சிங்கப்பூரில் சட்டி கழுவவும் காய் நறுக்கவும் போகிறவர் இந்நாட்டுப் பிள்ளைகள்தாமே? அங்கே சோம்பாத கை இங்கே ஏன் சோம்புகிறது என்பதற்குச் சம்பளச் சீட்டே விடை சொல்லும்.

கடைக்காரர் பக்கமும் பேச வேண்டும், அதுவே நியாயம். சிறு கடைக்காரர் தோட்டக் கம்பெனி போன்றவர் அல்லர். அவர்களில் பலர் தாமே மாவு பிசைந்து முன்னுக்கு வந்தவர்கள். வாடகை ஏறுகிறது, எண்ணெய் விலை ஏறுகிறது. தோசை விலையைப் பத்துக் காசு ஏற்றினால் முதலில் முணுமுணுப்பவர்கள் நாம்தாம். அந்நியத் தொழிலாளி ஒருவருக்குச் சேவைத் துறையில் ஆண்டு வரி 1,850 வெள்ளி, தோட்டத்திற்கு 640 வெள்ளி என்று 2016இல் விதித்தார்கள். 2018 முதல் அதை முதலாளியே செலுத்த வேண்டும் என்றும் ஆயிற்று. கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரியாமல் அவரும் ஏஜெண்டின் வாசலில் நிற்கிறார். அந்த ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணம் சமையற்காரரின் கையில் சேர்ந்தால் பாதித் தகராறு தீரும். 2024 ஆகஸ்டில் இந்தியாவும் மலேசியாவும் தொழிலாளரை வரவழைப்பது பற்றி ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டன. இடைத்தரகர் கை நீளாதபடி அது நடைமுறைக்கு வர வேண்டும் என்று நாமும் கேட்க வேண்டும், கடைக்காரரும் கேட்க வேண்டும்.

சட்டமும் சங்கமும் சேர்ந்தால் நிலை மாறும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது, வாடிக்கையாளர் கொடுக்கும் சேவைக் கட்டணத்தை எடுத்துச் சம்பளத்தை நிரப்பிக் கணக்குக் காட்ட ஓட்டல் முதலாளிகள் முயன்றார்கள். ஓட்டல், மதுக்கூட, உணவகத் தொழிலாளரின் தேசியச் சங்கம் விடவில்லை. பெட்டாலிங் ஜெயா கிரிஸ்டல் கிரவுன் ஓட்டல் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. சேவைக் கட்டணம் தொழிலாளருக்குரியது, அதைக்கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று 2021இல் தீர்ப்பு வந்தது. சங்கம் இருந்த இடத்தில் சட்டத்திற்கு உயிர் வந்தது. சங்கம் இல்லாத சமையற்கட்டில் அதே சட்டம் புத்தகத்திலேயே கிடக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் நோக்கியே எழுதப்பட்டது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 முதல் மற்றத் துறைகளுக்கும் அது பரவியது. லயத்து வீட்டின் ஒழுகும் கூரைக்காக எழுந்த குரல், கடை மாடியில் நெருக்கிப் படுத்திருக்கும் சமையற்காரருக்கும் கூரையாயிற்று. 2019 முதல் சொக்சோ பாதுகாப்பும், 2025 அக்டோபர் முதல் முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு என்று ஊழியர் சேமநிதியும் அந்நியத் தொழிலாளருக்கு வந்துள்ளன. வழி பிறந்திருக்கிறது, இன்னும் நடக்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் காரியம் என்ன? ‘படித்தும் கரண்டி பிடிக்கவா?’ என்று கேட்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். சமையல் ஒரு கைத்தொழில். அதற்கு மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. படிப்படியாக டிப்ளோமா வரை ஏறலாம். 2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் பெரும்பகுதிப் பயிற்சி வேலை செய்யும் இடத்திலேயே நடக்கும். சிறு பகுதிதான் வகுப்பறையில். தமிழ்நாட்டிலிருந்து வந்த கைதேர்ந்தவர் இருக்கும்போதே அவர் அருகில் நம் பிள்ளை ஒன்று நின்று கற்றால், அவர் ஊர் திரும்பும் நாளில் அடுப்பு அணையாது. அந்நியரை விரட்டினால் நம் பிள்ளைக்கு வேலை வந்துவிடும் என்பது கனவு. பினாங்குத் தடையும் 2018ஆம் ஆண்டு அறிவிப்பும் கற்றுக்கொடுக்கும் ஏற்பாட்டை முன்னே வைக்கவில்லை; கதவை மட்டுமே பேசின.

ஆகவே இக்கூட்டம் நான்கு கோரிக்கைகளை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒன்று: பெர்மிட் கொடுக்கும் இடத்திலேயே சம்பளச் சீட்டும் வேலை நேரமும் பார்க்கப்பட வேண்டும், சட்டக் கூலி கொடுக்காத கடைக்கு மேலும் ஆள் இல்லை. இரண்டு: கொடுமைக்கு உள்ளானவர் அதே துறையில் வேறு முதலாளியிடம் மாற உரிமை வேண்டும். மூன்று: அந்நியச் சமையற்காரர் உள்ள ஒவ்வொரு பெரிய கடையும் உள்ளூர்ப் பயிற்சியாளரைச் சேர்க்க வேண்டும், அந்தப் பயிற்சியாளருக்குச் சம்பளம் வேண்டும். நான்கு: கதவைத் திறப்பதும் மூடுவதும் முன்கூட்டியே அறிவித்த ஆண்டுக் கணக்கில் நடக்க வேண்டும், தொழிலாளர் பிரதிநிதியும் அந்த மேசையில் அமர வேண்டும்.

அரசாங்கம் செய்யட்டும் என்று கைகட்டி நிற்கவும் முடியாது. தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. தொழிலாளர் சேர்த்த சிறு பணம் தோட்டங்களை வாங்கியது. பெயரைச் சாலைக்கு வைத்தால் போதாது, வழியையும் பின்பற்ற வேண்டும். இம்மாதம் முதல், கடைகளில் வேலை செய்யும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீடும் அப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கிளை அலுவலகத்திற்குக் கொண்டு வரட்டும். கணக்கைக் கிராணிமார் சரிபார்ப்பார்கள். அந்தப் பிள்ளை தன்னோடு நிற்கும் சமையற்காரரின் சீட்டையும் கேட்டு வாங்கி வரட்டும். சங்கத்தில் சேர அவருக்கும் உரிமை உண்டு. 2024 செப்டம்பரில் அமலுக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே தொழிலுக்குள் சங்கம் அடங்க வேண்டும் என்ற பழைய வேலியையும் தளர்த்தியிருக்கிறது.

கல்லாவில் நிற்கும் பிள்ளையின் சீட்டும் அடுப்படியில் நிற்பவரின் சீட்டும் ஒரே மேசைக்கு வரட்டும். அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம்.