கைப்பேசியும் கூடுதல் வசதிகளும்

பேசுவதற்கென்று நாம் வாங்கிய கருவி, பேச்சைத் தவிர நூறு வேலைகளைச் செய்ய முன்வந்து நிற்கிறது. அவற்றுள் எவை நமக்குப் பயன்படுகின்றன, எவை விலையை ஏற்றுவதற்கு மட்டுமே பயன்படுகின்றன என்று எண்ணிப் பார்ப்பது தகும்.

2003ஆம் ஆண்டில் நோக்கியா 1100 என்னும் கைப்பேசி வெளிவந்தது. அதன் உச்சியில் ஒரு சிறு விளக்கு இருந்தது. மின்சாரம் வந்து வந்து போகும் ஊர்களில் அதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. உலகெங்கும் 20 கோடிக்கும் மேல் விற்ற கைப்பேசி அது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கோ, படம் பிடிக்கும் வசதி அதனினும் பெரிது. தில்லியில் உள்ள எங்கள் இல்லத்துக்கு என் மாமனார் ஒரு குளிர்காலத்தில் வந்திருந்தார். இந்தி எழுத்து அவருக்கு வெறும் கோலம். ஆகையால் முதல் நாளே தெருப் பெயர்ப்பலகையை அவருடைய கைப்பேசியில் படம் பிடித்து வைத்தேன். ஒரு நாள் காலையில் உலாவச் சென்றவர் மூடுபனியில் வழி தவறிவிட்டார். எங்களை அழைத்தால் கலங்குவோம் என்று அழைக்கவுமில்லை. ரிக்‌ஷாக்காரர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினார். அவருக்கும் படிக்கத் தெரியாது! ஆனால் பலகைக்குப் பின்னால் படத்தில் விழுந்திருந்த பால் சாவடியை அவர் இனங்கண்டுகொண்டு, வாயிலில் கொண்டுவந்து விட்டார். அன்று முதல் சுற்றுப்புறத்தையும் சேர்த்தே படம் எடுக்கிறேன்.

இன்னொரு வசதியைப் பலர் அறியார். 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, இங்கு விற்கும் கைப்பேசிகளில் ஆபத்துக்கால அழைப்பு வசதி இருத்தல் வேண்டும். சாதாரணக் கைப்பேசியில் 5 அல்லது 9 என்னும் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பக்கவாட்டுப் பொத்தானை விரைந்து மும்முறை அழுத்த வேண்டும். அழைப்பு 112 என்னும் எண்ணுக்குச் செல்லும். கருவிக்குக் கருவி முறை சிறிது மாறக்கூடும். அமைப்புப் பகுதியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் இருப்பவர் அம்மாநில மொழியிலேயே பேசக்கூடும். ஆதலால் குடியிருப்பின் பெயரையும் அருகிலுள்ள ஓர் அடையாளத்தையும் அம்மொழியில் சொல்ல, வீட்டிலுள்ள முதியோரைப் பழக்கி வைப்பது நலம்.

வானொலியைக் குறிப்பிடாமல் விடைபெற்றால் இந்நிலையத்தார் என்னை மன்னிக்க மாட்டார்கள். பண்பலை வானொலி உள்ள கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காதில் மாட்டும் கம்பியே ஏரியலாகப் பணிபுரிகிறது. இணையம் வேண்டா, புயலில் கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்த நாளிலும், ஒலிபரப்பு நடக்குமானால் செய்தி கேட்கலாம். இவ்வசதியை முடக்க வேண்டாம் என்று 2023இல் மத்திய அரசு உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஆயினும் கம்பி செருகும் துளையே இல்லாத கைப்பேசிகள் மிகுந்துவிட்டன. வாங்கும்போது கடைக்காரரிடம் துளை உண்டா, வானொலி உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். என் மாமனாரின் மலிவான கைப்பேசியில் இரண்டும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய என்னுடையதில் ஒன்றுமில்லை.