மூடிய கதவும் கைப்பிடி அரிசியும்



இயேசுவின் போதனையை வாழ்க்கையில் கடைப்பிடிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதில் மூன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஜெபம், பணம், பக்தி. இந்த மூன்றையும் நாம் மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம். ஜெபம் ஆலயத்தில் இருக்கிறது. பணம் பேங்கில் இருக்கிறது. பக்தி பண்டிகைக்குப் பண்டிகை வெளியே வருகிறது. இயேசுவோ மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டார். அந்த முடிச்சை நாம் அவிழ்த்துவிட்டோம். திரும்பவும் போட வேண்டும் என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

மத்தேயு எழுதின சுவிசேஷத்தில் 5, 6, 7 ஆகிய மூன்று அதிகாரங்களை மலைப்பிரசங்கம் என்கிறோம். லண்டனில் சட்டம் படித்த காலத்தில் காந்தியடிகள் அதைப் படித்தார். அது தம் நெஞ்சைத் தொட்டதைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். ஆகவே இந்த அவையில் எந்த மதத்தவர் இருந்தாலும், இந்தப் பேச்சு உங்களுக்கும் உரியது.

வீட்டுக்குப் போனதும் அந்த 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மொத்தம் 34 வசனங்கள். முதல் 18 வசனங்கள் தர்மம், ஜெபம், உபவாசம் பற்றியவை. மிச்சம் 16 வசனங்கள் சொத்தையும் கவலையையும் பற்றியவை. ஏறக்குறைய சரிபாதி! ஜெபத்தைப் பற்றிப் பேசிய வாய் மூச்சு விடாமல் அப்படியே பணத்துக்கு வருகிறது. நாம் ஜெபத்துக்கு ஒரு பிரசங்கம், காணிக்கைக்கு ஒரு பிரசங்கம் என்று பிரித்து வைத்திருக்கிறோமே, அவர் அப்படிப் பிரிக்கவில்லை.

அங்கே என்ன சொல்கிறார்? தர்மம் செய்கிறபோது ஊரைக் கூட்டாதே என்கிறார். ஜெபிக்கிறபோது உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்கிறார். உபவாசம் இருக்கிறபோது முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து வெளியே போ, நீ பட்டினி கிடப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். மூன்றுக்கும் ஒரே சட்டம்: பார்க்கிறவர் ஒருவர் போதும்.

இப்போது நம் ஆலயங்களை, கோயில்களை, கல்யாண மண்டபங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் அதன் மேல் உபயம் என்று போட்டு, அப்பா பெயர், அம்மா பெயர், பேரன் பெயர் வரைக்கும் பெயிண்டில் எழுதுகிறோம். எழுத்து எழுத்தாக வெளிச்சம் மறைகிறது. ஃபேன் இறக்கையிலும் பெயர், பெஞ்சின் முதுகிலும் பெயர். கொடுத்தது நல்ல காரியம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுத்த கையோடு கூலியையும் வாங்கிக்கொண்டோம். அப்படி வாங்கியவனுக்கு மேலே இருந்து வர வேண்டிய பாக்கி ஒன்றுமில்லை என்பதுதான் இயேசு சொல்லும் கணக்கு.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரகசியமாகக் கொடு என்றால் இரகசியமாகச் செலவு செய் என்று பொருள் கிடையாது. கொடுத்தவர் பெயர் மறைந்திருக்கலாம். செலவான கணக்கு ஒரு நாளும் மறையக் கூடாது. ஒரு சபையானாலும் சங்கமானாலும் வரவு செலவை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். நாம் பல இடங்களில் தலைகீழாக நடக்கிறோம். கொடுத்தவர் பெயர் சுவரில் இருக்கிறது. கணக்கு பீரோவுக்குள் இருக்கிறது.

பெரியோர்களே, எருசலேம் தேவாலயத்துக்கு ஒரு நிமிடம் வாருங்கள். அங்கே காணிக்கை போடுவதற்கு எக்காள வடிவில் வாய் வைத்த 13 பெட்டிகள் இருந்ததாக யூத மரபு நூலான மிஷ்னா சொல்கிறது. பண்டிகைக் கூட்டம். பணக்காரர் வந்து வந்து போடுகிறார்கள். பிறகு ஒரு விதவை வருகிறாள். இரண்டு சின்னக் காசு போடுகிறாள். அந்தக் காசு 128 சேர்ந்தால்தான் ஒரு வெள்ளித் தெனாரி. ஒரு தெனாரி அன்றைய கூலியாள் ஒருவரின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் அவள் போட்டது ஒரு நாள் கூலியில் 64-இல் ஒரு பங்கு. இன்றைக்கு 640 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் வெறும் 10 ரூபாய். எல்லாரையும்விட அதிகம் போட்டவள் இவள்தான் என்றார் இயேசு. மற்றவர்கள் போட்டதற்குப் பிறகும் அவர்களிடம் நிறைய இருந்தது. இவள் போட்டதற்குப் பிறகு இவளிடம் ஒன்றுமில்லை. நாம் கொடுத்ததை எண்ணுகிறோம். அவர் மிச்சத்தை எண்ணுகிறார்.

இந்தச் சம்பவத்தை விதவையின் தியாகம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் இதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பறித்துக்கொண்டு, பார்வைக்கு நீளமாக ஜெபம் பண்ணுகிறவர்களை அங்கே கண்டிக்கிறார். ஒரு பக்கம் நீண்ட ஜெபம், பறித்த வீடு. மறுபக்கம் ஏழை விதவை, இரண்டு காசு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நம்மைப் பார்க்கிறார் இயேசு. அந்த விதவையைக் காட்டி ஏழைகளிடம் காணிக்கை கேட்கும் எவரும், அதற்கு முந்திய வசனத்துக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

எரிகோ ஊரில் சகேயு என்று ஒரு வரிவசூல் தலைவன் இருந்தான். இயேசு அவன் வீட்டுக்குப் போனார். அன்று அவன் செய்த ஜெபம் எதுவும் லூக்கா எழுதிய புத்தகத்தில் இல்லை. அவன் ஒப்பித்த கணக்கு இருக்கிறது. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு திருப்பி. அந்தக் கணக்கைக் கேட்டுத்தான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் அவர். மனம் திரும்பினான் என்பதற்குச் சாட்சி அவனுடைய பணப்பை!

அன்பர்களே, இதெல்லாம் பாலஸ்தீனத்துக் கதை, நமக்கு ஒத்து வருமா என்று யாராவது கேட்கலாம். ஒத்து வரும் என்று வாழ்ந்து காட்டியவர் நம் திருநெல்வேலிப் பனங்காட்டுச் சீமையில் பிறந்திருக்கிறார். 1874-இல் வெள்ளாளன்விளையில், ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902-இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரரின் பணத்துக்குக் காத்திராமல் சொந்தக் காசில் ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். நாம் ஏன் செய்யவில்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். மறு வருஷமே, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. நிஜாம் ஆட்சியில் இருந்த தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் அதன் ஊழியக் களம். சென்னையில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் நல்ல வேலையில் இருந்த அசரியா, ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல் 1909-இல் தானே அங்கே போனார். தெலுங்கு படித்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அவர் பேராயராக இருந்த தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். தீண்டாமையால் ஒதுக்கப்பட்டவர்கள். சொந்த நிலம் இல்லாத கூலிகள். அந்த மக்களிடம் போய் அசரியா காணிக்கை கொடுக்கச் சொன்னார். எப்படி?

அதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். அந்தக் கூலி மக்களில் ஒரு வீட்டுத் தாய் அடுப்பில் உலை வைக்கிறாள். அன்றைக்கு உள்ள அரிசியை அளந்து எடுக்கிறாள். உலையில் போடுவதற்கு முன்னால், அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு கலயத்தில் போடுகிறாள். போடுகிறபோது உதடு அசைகிறது. ஒரு சின்ன ஜெபம். அப்புறம்தான் அரிசி கொதிக்கிற தண்ணீருக்குள் போகிறது. ஆலயத்துக்குப் போகும் நாளில் அந்தக் கலயத்து அரிசியும் கூடப் போகிறது. மேடை இல்லை, மைக் இல்லை, ரசீது இல்லை. மூடிய கதவுக்குள் ஜெபம், தர்மம், உபவாசம் மூன்றும் ஒரே கையால் நடந்து முடிந்துவிட்டன. ஏனென்றால் அந்தப் பிடி, அன்று அவள் வீட்டுத் தட்டில் குறைகிற சோறு.

ஏழையிடம் வாங்குவது நியாயமா? நியாயமான கேள்வி. அசரியாவின் பதில் அவருடைய வேலையில் இருக்கிறது. அவர் வாங்கிக்கொண்டு மட்டும் போகவில்லை. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கும் இந்த மக்களைத் தின்கிற பேய்கள் என்று ஊர் ஊராகப் போராடினார். கடன்காரனின் கையிலிருந்து அவர்களை மீட்கப் பாடுபட்டவர்தான் அவர்களுக்குக் கொடுக்கவும் கற்றுக்கொடுத்தார். தலைமுறை தலைமுறையாகக் கை நீட்டி வாங்கியே பழக்கப்படுத்தப்பட்ட அந்த மக்கள், முதல் தடவையாகக் கை நீட்டிக் கொடுத்தார்கள். கொடுக்கிறவர் தலை நிமிர்கிறது. 1910-இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அதே அசரியா வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே சொன்னதன் சாரமும் இதுதான்: பொருளை அள்ளிக் கொடுத்தீர்கள், நன்றி, எங்களைச் சமமாக உட்கார வைத்து நட்பையும் கொடுங்கள். தோழமை இல்லாத தர்மம் பாதி தர்மம்தான்.

இதே நம் திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தார். பணத்துக்காக மனிதர்களிடம் கை நீட்டுவதில்லை, ஜெபத்தில் மட்டும் கேட்பது என்று வைராக்கியமாக இருந்தார். உடன் உழைத்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1951-இல் அவர் மறைந்தபோது, அவர் விருப்பப்படி கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் அம்மா என்று மட்டும் எழுதினார்கள். டியூப்லைட்டில் பெயர் எழுதும் நாம் ஒரு தடவை அங்கே போய் வர வேண்டும்.

தாய்மார்களே, இன்றைய நிலைமைக்கு வருகிறேன். ஜெபம் விலைக்கு வந்திருக்கிறது. இவ்வளவு அனுப்பினால் இத்தனை மடங்கு திரும்ப வரும் என்று டிவியில் அக்கவுண்ட் நம்பரோடு ஆசீர்வாதம் பேசுகிறார்கள். மகனுக்கு வேலை கிடைக்குமா, மகளுக்கு வரன் அமையுமா, கணவன் குடியை விடுவாரா என்று தவிக்கிற ஒரு தாய் கம்மலை அடகு வைத்து அனுப்புகிறாள். கம்மல் மூழ்கிப் போகிறது. விதவையின் வீட்டைப் பறிக்கிற நீண்ட ஜெபம் என்று இயேசு சொன்னாரே, அது இதுதான். இதைச் சொல்ல எந்த மேடையிலும் நான் தயங்க மாட்டேன். கேட்டதை வாங்கித் தரும் தந்திரமாக அவர் ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. நாம் கேட்கும் முன்பே நம் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் கற்றுக்கொடுத்தார்.

அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் என்ன கேட்கச் சொன்னார்? இன்றைய சாப்பாட்டை. பத்து வருஷத்துச் சேமிப்பை இல்லை, இன்றைய சாப்பாட்டை. அதுவும் எனக்கு மட்டும் கேட்காமல் எல்லாருக்கும் சேர்த்து. இங்கேதான் முழுப் போதனையின் ஆணிவேர் இருக்கிறது. எல்லாருக்கும் சோறு வேண்டும் என்று நான் ஜெபிக்கிறேன். என் பானையில் அரிசி இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இல்லை. அப்படியானால் என் ஜெபத்துக்கு வர வேண்டிய பதில் எங்கே இருக்கிறது? என் பானைக்குள் இருக்கிறது! கடவுள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். நான் மூடி போட்டு வைத்திருக்கிறேன்.

நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று அவர் சொன்னதையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். வேலை போன ஒருவரிடம், ஆஸ்பத்திரி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒருவரிடம் கவலைப்படாதீர்கள் என்று வெறும் வாயால் சொல்ல யாருக்கு உரிமை உண்டு? கையைத் திறந்தவருக்குத்தான் உண்டு. எருசலேமின் முதல் சபையில் நிலம் வைத்திருந்தவர்கள் விற்றுக் கொண்டு வந்தார்கள். குறைவுபட்டவர் ஒருவரும் அவர்களுக்குள் இல்லை என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் புத்தகம் சாட்சி சொல்கிறது. கவலைப்படாதே என்ற வாக்கு அங்கே ஒரு மனிதனின் கை வழியாக இன்னொரு மனிதனுக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களை வேண்டிக் கேட்கிறேன். ஒன்று, ஜெபத்துக்கு உட்காரும்போது வீட்டுக் கணக்கு நோட்டையும் பக்கத்தில் வையுங்கள். வேலைக்கு வருகிறவருக்குச் சம்பளப் பாக்கி இருந்தால், மருமகளிடம் வாங்கிய நகை உறுத்தினால், அண்ணன் தம்பி பாகத்தில் அரை சென்ட் நம் பக்கம் வந்திருந்தால், முதலில் எழுந்து போய்த் தீர்த்துவிட்டு வாருங்கள். பலிபீடத்திலேயே காணிக்கையை வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகி வா என்று சொன்னவர் நமக்காகக் காத்திருப்பார். இரண்டு, உபவாசம் இருந்தால் மிச்சமான சாப்பாட்டுக் காசைப் பசித்த ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அது நம் வீட்டுக்குச் சிக்கனம், அவ்வளவுதான். மூன்று, இந்த மாதம் ஒரு தர்மமாவது நீங்களும் கடவுளும் மட்டும் அறியச் செய்யுங்கள். போட்டோ வேண்டாம், ஸ்டேட்டஸ் வேண்டாம், மனைவியிடம் கணவனும் கணவனிடம் மனைவியும் சொல்லவும் வேண்டாம்.

வசதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பிடி அரிசி கூலி வேலை செய்த தாயின் அளவு. நமக்கும் அதே ஒரு பிடி போதும் என்று எண்ண வேண்டாம். மிச்சத்தை எண்ணுகிறவர் நம் பெட்டி முன்னாலும் உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்க்கிறார் என்ற அச்சமும், அவர் ஒருவர் பார்த்தால் போதும் என்ற மகிழ்ச்சியும் சேர்ந்ததுதான் பக்தி. அந்தப் பக்தியை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வைக்காதீர்கள். நாளைக் காலையில் உலை வைக்கும் நேரத்திலேயே தொடங்குங்கள்.