கீரை ஆய்தலும் மொழி ஆய்தலும்



இப்பொழிவுக்கு என்னை அழைத்த நண்பர்கள், நான் ஒலியனியல் பற்றியோ சொற்பிறப்பியல் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஒரு காய்கறிக் கூடை. பணி ஓய்வு பெற்ற பின்னர், சனிக்கிழமைதோறும் காலையில் என் வீட்டு வாயிலுக்கு வந்து சேரும் கூடை அது. அதனுள்ளே மொழியியல் இருக்கிறது என்பதை உணர எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே வந்துள்ளேன்.

அக்கூடை கடையில் வாங்குவதன்று. சிலாங்கூரில் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிறு பண்ணையில் நான் ஒரு பங்கு வாங்கியிருக்கிறேன். மூன்று மாதத்திற்குரிய தொகையை முன்னரே செலுத்திவிட வேண்டும். அவ்வாரம் நிலம் விளைவித்ததைப் பங்காளர் அனைவர்க்கும் சமமாகப் பிரித்து அனுப்புவார்கள். இன்னது வேண்டும் என்று நாம் கேட்க இயலாது. விளைச்சல் மிகுந்தால் கூடை நிறையும். மழையோ பூச்சியோ அழித்தால் கூடை குறையும். உழவரின் இழப்பில் உண்பவரும் பங்கேற்பதே இம்முறையின் உயிர்நாடி.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானில் 1970களின் தொடக்கத்தில், பூச்சிமருந்து கலந்த உணவைக் கண்டு அஞ்சிய இல்லத்தரசிகள் உழவர்களோடு நேரடியாக உடன்பாடு செய்துகொள்ளத் தொடங்கினர். அந்நாட்டின் இயற்கை வேளாண்மைக் கழகம் 1971இல் தோன்றியது. அவ்வுடன்பாட்டை அவர்கள் 'தெய்கெய்' என்றனர். கூட்டுறவு, கைகோத்தல் என்பது அதன் பொருள். பின்னர், 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரு பண்ணைகள் ஐரோப்பியச் சிந்தனைகளின் தாக்கத்தால் இத்தகைய பங்கு முறையைத் தொடங்கின. இன்று நம் நாட்டிலும் சிறு பண்ணைகள் சில இம்முறையை மேற்கொண்டுள்ளன.

"நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நாட்டில் பருவம் ஏது? ஆண்டு முழுவதும் வெயில், ஆண்டு முழுவதும் மழை" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். பேரங்காடிக்குச் செல்பவர்க்கு அப்படித்தான் தோன்றும். அங்கு எல்லா மாதமும் எல்லாக் காயும் உண்டு. கூடைக்காரருக்கோ மாதத்திற்கொரு முகம் தெரியும். ஆண்டின் தொடக்கத்தில் மழை சற்று ஓயும்போது வெண்டையும் கத்தரியும் மிளகாயும் செழிக்கின்றன. ஜூன் முதல் ஆகஸ்டு வரை ரம்புத்தானும் மங்குஸ்தீனும் லங்சாட்டும் வருகின்றன. ஆண்டின் கடைசி மாதங்களில் மழை வலுக்கும்போது மென்கீரைகள் அழுகிப்போகின்றன. அப்போது மரவள்ளியும் சேம்பும் வாழைப்பூவுமே கூடையை நிரப்புகின்றன.

டுரியான் மரத்தை எண்ணிப் பாருங்கள். அது பூப்பதற்குச் சில நாள் மழையற்ற வறட்சி வேண்டும். பூத்த பின்னர்க் காய் முதிர மூன்று முதல் நான்கு மாதம் ஆகும். ஆகவே, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களின் வறட்சி ஜூன், ஜூலையில் பழமாக விழுகிறது. குளிர்நாட்டார் பருவத்தைப் பனியால் அறிகின்றனர். நாமோ மழை நின்ற சில நாள்களால் அறிகின்றோம்.

மலாய் மொழியில் பருவத்தை 'மூசிம்' என்பர். அரபு மொழியின் 'மவ்சிம்' என்னும் சொல் கடல்வழியாக இங்கு வந்து 'மூசிம்' ஆயிற்று. அதே சொல்தான் போர்த்துக்கீசிய மொழி வழியாக ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆயிற்று. நம் தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நம் மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். பனியே காணாத கோலாலம்பூர் மாணவனுக்கு முன்பனி என்பது தேர்வுக்குரிய விடை மட்டுமே. 'ரம்புத்தான் பழுக்கும் பொழுது', 'கீரை அழுகும் பொழுது' என்று அவன் வாழும் மண்ணின் பொழுதை முதலில் காட்டிவிட்டுப் பெரும்பொழுதைக் கற்பித்தால், நம் முன்னோர் ஏன் ஆண்டைப் பகுத்தனர் என்பதை அவன் தானே உணர்வான்.

இனிச் சொற்களுக்கு வருகின்றேன். கூடையில் அடிக்கடி வருவது 'பாயாம்' என்று மலாய்க்காரர் அழைக்கும் கீரை. தமிழர் அவ்வினத்தை முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை என்று பலவாகப் பிரித்தறிந்தனர். இப்பெயர்களுள் சில செடியின் வகையை மட்டும் சொல்லவில்லை. அதனோடு நாம் பழகும் முறையையும் சொல்கின்றன. இளையதாகவே வேரோடு பிடுங்குவது முளைக்கீரை. தண்டு தடிக்க விட்டு உண்பது தண்டுக்கீரை. அரைக்கீரையின் பழைய வடிவம் அறுகீரை. அறுக்க அறுக்கத் தழைப்பது. ஒரு பெயருக்குள்ளே ஒரு வினையும், அவ்வினைக்குள்ளே ஓர் உழவரின் கையும் இருக்கின்றன.

வினைகளையும் பாருங்கள். பூவைக் கொய்கிறோம், காயைப் பறிக்கிறோம், கதிரை அறுக்கிறோம், கிழங்கை அகழ்கிறோம், கொழுந்தைக் கிள்ளுகிறோம், முருங்கைக் கிளையை ஒடித்து இலையை உருவுகிறோம், புளியை உலுக்குகிறோம். பிஞ்சுகளுக்கும் தனித்தனிப் பெயருண்டு. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை, பனையின் இளம்பிஞ்சு குரும்பை. தேவநேயப் பாவாணர் இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தமிழின் சொல்வளத்தைக் காட்டியதை ஆசிரியர்கள் அறிவீர்கள். ஆனால், நெகிழிப் பையில் அடைத்து, எடை போட்டு, விலை ஒட்டி விற்கும் காய்க்கு இச்சொற்களுள் ஒன்றும் தேவைப்படுவதில்லை. அதற்கு 'வாங்கு' என்னும் ஒரு வினை போதும். பொருள் நம் கையைவிட்டு அகன்றால், அதனோடு பழகிய சொற்களும் அகன்றுவிடுகின்றன.

சில வேளைகளில் பொருள் கையிலேயே இருக்க, சொல் மட்டும் விலகி நிற்பதும் உண்டு. இலக்கியத்தில் மகளிர் காதுக்கு வள்ளைத் தண்டை உவமை கூறும் மரபு உண்டு. நான் மாணவனாக இருந்தபோது அதைப் படித்தேன். விரிவுரையாளனானபின் பிறர்க்குக் கற்பித்தேன். வள்ளை என்பது ஏதோ தமிழ்நாட்டுக் குளத்துக் கொடி என்றே எண்ணியிருந்தேன். ஒரு சனிக்கிழமை கூடையில் வந்த கங்கோங் கீரையை அகராதியோடு வைத்துப் பார்த்தபோதுதான், பல்லாண்டுகளாகப் பெலாச்சான் இட்டு வதக்கி உண்டுவந்த கங்கோங்கே அவ்வள்ளை என்று தெரிந்தது. உள்ளீடற்ற அதன் தண்டை விரலால் வளைத்துப் பார்த்தேன். உவமை அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

இங்கு உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

கூடை வரத் தொடங்கிய மூன்றாம் மாதம், கரும்பச்சை இலைகள் நிறைந்த ஒரு கட்டு வந்தது. பண்ணைக்காரர் அதைச் 'செக்கூர் மானிஸ்' என்றார். அகராதியும் நூல்களும் தவசிக்கீரை என்றன. ஆனால், என் தாயார் அதைத் தவசிக்கீரை என்று அழைத்ததில்லை. அவர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எங்கள் லயத்து வீட்டின் பின்புறம் அக்கீரை வேலியாகவே வளர்ந்திருந்தது. இலையை உருவி, இரு கைகளாலும் கசக்கி, நெத்திலியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சமைப்பார். அன்று அக்கட்டை எடுத்ததும் என் கைகள் தாமாகவே இலையை உருவிக் கசக்கத் தொடங்கின. கை மறக்கவில்லை. என் தாயார் அதற்கு வழங்கிய பெயரை மட்டும் நா மறந்துவிட்டது. இம்மண்ணுக்குரிய அச்செடிக்குத் தோட்டத்து மக்கள் தாமே சூட்டிய பெயராக அது இருந்திருக்க வேண்டும்.

என் முனைவர் பட்ட ஆய்வு தோட்டப்புறத் தமிழின் ஒலிமாற்றங்களைப் பற்றியது. அதற்காக என் தாயாரின் பேச்சையும் பதிவு செய்தேன். பிற்பகலில் அவர் முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டே நான் கேட்ட சொற்களைச் சொல்வார். தண்டு ஒடிபடும் ஓசை பதிவில் விழுகிறது என்று நான் கடிந்துகொண்டேன். "கொஞ்சம் நிறுத்துங்கம்மா, ஆய்வுக்கு இடைஞ்சலா இருக்கு" என்றேன். அவர் முறத்தை ஒதுக்கி வைத்தார்.

இந்தக் கீரை வந்த அன்று, பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கை, கால், மழை, பழம், வாழை என்று நான் கேட்ட சொற்கள் யாவும் அதில் உள்ளன. ழகரத்தை அவர் ஒலித்த முறை ஒவ்வொன்றுக்கும் குறியீடு இட்டிருக்கிறேன். மடியில் இருந்த கீரையின் பெயர் இல்லை. நான் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு அவரும் இல்லை.

'ஆய்தல்' என்னும் வினைக்குத் தமிழில் நுணுகி நோக்குதல், தெரிந்தெடுத்தல், கொய்தல் என்னும் பொருள்கள் உண்டு. புழு அரித்த இலையையும் முற்றிய தண்டையும் நீக்கி நல்லதைத் தெரிந்தெடுப்பது கீரை ஆய்தல். சான்றுகளைத் தெரிந்தெடுத்து உண்மை காண்பது ஆய்வு. இரண்டும் ஒரே வினை. என் தாயார் செய்துகொண்டிருந்த ஆய்தலை, என் ஆய்வுக்கு இடையூறு என்று நான் நிறுத்தினேன். மொழியியல் படித்த எனக்கு இது விளங்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆசிரியர்களே, இதனால்தான் உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது, திங்களுக்கு ஒரு காயையோ கீரையையோ அதன் பருவத்தில் வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள். படம் போதாது. மாணவர் தொட்டு, ஒடித்து, மோந்து பார்க்கட்டும். அது எந்தப் பொழுதில் விளைகிறது, எந்த வினையால் எடுக்கப்படுகிறது, பிஞ்சிலிருந்து முதிர்வு வரை அதற்கு என்னென்ன பெயர் என்று கேளுங்கள். தேர்வுச் சுமைக்கிடையே இதற்கு நேரம் ஏது என்று நீங்கள் நினைக்கலாம். வினைச்சொல்லும் உவமையும் பாடத்திட்டத்திலேயே உள்ளன. அவற்றைக் கற்பிக்க ஒரு கட்டுக் கீரை துணை நிற்கும்.

இரண்டாவது, மாணவர்களைத் தம் பாட்டியிடம், தாத்தாவிடம், அண்டை வீட்டாரிடம் அனுப்புங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் சொன்னவாறே, எந்த ஊர், எந்தத் தோட்டம் என்ற குறிப்போடு எழுதி வரச் சொல்லுங்கள். அகராதியில் இல்லை என்பதற்காக அப்பெயரைப் பிழை என்று அடித்துவிடாதீர்கள். அகராதி பிந்தி வருவது, வாய்மொழியே முந்தியது. தோட்டங்கள் கலைந்து மக்கள் நகர்ப்புறத்திற்கு வந்துவிட்டனர். அங்கே வழங்கிய பெயர்கள் முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன.

மூன்றாவது, பிறமொழிப் பெயர்களைக் கண்டு கூச வேண்டா. விளைபொருளோடு சொற்களும் இருபுறமும் பயணம் செய்துள்ளன. நம் முருங்கை மலாய் மொழியில் 'ரெமுங்காய்' ஆயிற்று. மாம்பழம் 'மெம்பெலாம்' ஆயிற்று. மயிர் என்று பொருள்படும் 'ரம்புத்' என்பதிலிருந்து ரம்புத்தானும், முள் என்று பொருள்படும் 'டுரி' என்பதிலிருந்து டுரியானும் நம் பேச்சுக்கு வந்தன. வள்ளை, கங்கோங் என்னும் இரண்டையும் ஒரே தண்டைக் காட்டிச் சொல்லும் மாணவன், ஒன்றை மட்டும் அறிந்தவனைவிடச் செல்வன்.

பண்ணைப் பங்கு எல்லார்க்கும் இயலும் என்று நான் கூறவில்லை. சந்தை விலையைவிட அது சற்றுக் கூடுதலே. பெருமழையால் பாதிக் கூடை மட்டுமே வந்த வாரங்களும் உண்டு. ஒருமுறை தொடர்ந்து நான்கு வாரம் பீர்க்கங்காயே குவிந்தது. காயைக் கூட்டாகவும் தோலைத் துவையலாகவும் ஆக்கி, எஞ்சியதை இரு பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தேன். மலாய்க்கார அம்மையார் அதைப் 'பெத்தோலா' என்றார். சீன முதியவர் தம் மொழிப் பெயரைச் சொல்லி, என்னை மும்முறை ஒலிக்கச் செய்து சிரித்தார். ஒரு காய் மூன்று வீட்டு அடுப்பிலும் மூன்று மொழியிலும் வெந்தது. பங்கு வாங்க இயலாதோர், காலைச் சந்தையில் தாமே பயிரிட்ட கீரையைத் தரையில் பரப்பி விற்கும் மூதாட்டியிடம் ஒரு கட்டு வாங்கலாம். வாங்கும்போது, "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இன்று வெள்ளிக்கிழமை. நாளைக் காலையில் கூடை வரும். செக்கூர் மானிஸ் வந்தால் அதை மடியில் வைத்து ஆய்வேன். என் பேரப்பிள்ளை அருகில் அமர்ந்து பெயர் கேட்பாள். மலாய்ப் பெயரையும் அகராதிப் பெயரையும் சொல்வேன். கொள்ளுப்பாட்டி வைத்த பெயர் ஒன்று இருந்தது, அதை நான் கேட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்வேன். இந்த அவையில் உள்ள முதியோருள் எவரேனும் தோட்டத்தில் அக்கீரைக்கு வழங்கிய பெயரை அறிந்திருந்தால், உரை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். குறிப்பேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன்.